பழைய வீதியே முதற் கற்குவாரி: ஒழுங்கை திருத்தப் புறப்படுவோருக்கு

இலங்கையின் கிழக்கில், மட்டக்களப்பு வாவிக்கும் கடலுக்கும் இடையிலுள்ள எழுவான்கரையில் ஓர் ஒழுங்கையைத் தோண்டினால் இரண்டு டிப்பர்கள் ஓடும். ஒன்று, தோண்டிய பழைய தார்ச்சல்லியையும் உடைந்த கொங்கிறீட்டையும் அள்ளிக்கொண்டுபோய் வாவியோரத்திலோ வெறும் வளவிலோ கொட்டும். மற்றது, வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரையில் வெட்டிய புதுக் கிரவலை ஏற்றிக்கொண்டு பாலம் தாண்டி வரும். கொட்டிவிட்டு வந்த கல், வாங்கி வந்த கிரவலைவிட வலுவானது. கொட்டுவதற்கும் காசு, வாங்குவதற்கும் காசு. அந்தப் பக்கம் ஒரு மேடு கரைகிறது, இந்தப் பக்கம் வாவி ஒடுங்குகிறது.

கிராம அபிவிருத்திச் சங்கத்தில் புதிதாகப் பொறுப்பெடுத்தவர்கள், பிரதேச சபைக்குப் புதிதாகத் தெரிவானவர்கள், சிறு ஒப்பந்த வேலை தொடங்குகிறவர்கள் ஆகியோரை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். ஒழுங்கை, உள்வீதி, வயல் வீதி ஆகியவற்றைப் பற்றித்தான் பேச்சு. அகலம் மூன்று நான்கு மீற்றர் இருக்கும். முச்சக்கரவண்டியும் உழவு இயந்திரமும் ஓடும், அறுவடைக் காலத்தில் நெல் லொறி வரும். பஸ்ஸும் கனரக லொறிகளும் ஓடும் பெரிய வீதிகளுக்குப் பொறியியலாளர் வடிவமைப்பு வேண்டும். அங்கே இந்தக் கணக்குகள் போதாது.

வீதி யாருடையது?

ஏ, பீ தர வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்குரியவை. சீ, டீ தர வீதிகள் மாகாண வீதி அபிவிருத்தித் திணைக்களத்துக்குரியவை. மிச்சம் பெரும்பாலும் மாநகர, நகர, பிரதேச சபைகளுடையவை. வயல் வீதி, வாய்க்கால் அணைக்கட்டு வீதி என்றால் கமநல சேவைகள் நிலையத்திலும் நீர்ப்பாசனத் திணைக்களத்திலும் கேட்டுவிடுங்கள். தோண்டிய பழைய கல்லும் வீதிக்கு உரிமையான நிறுவனத்தின் சொத்துத்தான். ஆகவே அதை மீளப் பயன்படுத்தப் போகிறோம் என்பதை மதிப்பீட்டிலேயே ஒரு வரியாகச் சேர்க்கும்படி தொழினுட்ப உத்தியோகத்தரிடம் கேளுங்கள். அந்த ஒரு வரி இல்லாவிட்டால் ஒப்பந்தக்காரர் பழையதை அகற்றவும் புதியதைக் கொண்டுவரவும்தான் காசு கேட்பார். எழுதிக் கொடுத்த வேலையைத்தானே அவர் செய்வார்.

மட்டமும் தண்ணீரும்

புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் எந்தப் பொருளைப் போடுவது என்ற கேள்வியோடுதான் வருகிறார்கள். அதற்கு முன் பதில் தேடவேண்டிய கேள்வி, இந்த ஒழுங்கையில் விழும் மழை எங்கே போகிறது என்பது.

காத்தான்குடி, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு போன்ற நெருக்கமான கரையோர ஊர்களில் பழைய ஒழுங்கைகளை நின்று பாருங்கள். ஒவ்வொரு திருத்தத்திலும் பழையதன்மேல் ஓர் அடுக்கு ஏறியிருக்கும். ஒரு காலத்தில் வீட்டு வாசலுக்குக் கீழே இருந்த வீதி இன்று வாசற்படிக்குச் சமமாக நிற்கும், சில இடங்களில் மேலே நிற்கும். மாரியில் வீதித் தண்ணீர் வளவுக்குள் போகிறது. வீட்டுக்காரர் வாசலில் சீமெந்துத் தடுப்புக் கட்டுகிறார். அடுத்த திருத்தத்தில் வீதி அதையும் தாண்டுகிறது. பழையதைக் கிளறி, அதே பொருளை அதே இடத்தில் மீளப் போட்டால் வீதி மட்டம் ஏறாது. கரையோர ஊர்களைப் பொறுத்தவரை, மீள்பயன்பாட்டுக்கு நான் சொல்லும் முதற் காரணம் இதுதான். செலவு குறைவது இரண்டாவது.

அதனால் வேலை தொடங்குமுன் மூன்று உயரங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: வீதியின் நடு, இருபக்க வீடுகளின் மிகத் தாழ்ந்த வாசல், தண்ணீர் போய்ச் சேரும் வடிகான் அல்லது மதகின் அடி. மட்டமானி இல்லாவிட்டால் மேசன்மார் பாவிக்கும் தண்ணீர்க் குழாய் போதும். முடிந்த வீதியின் நடு, தாழ்ந்த வாசலைவிடக் கீழே இருக்கவேண்டும். அதற்கு இடமில்லை என்றால், எவ்வளவு ஆழம் வெட்டி அகற்றவேண்டும் என்பது அந்தக் கணக்கிலேயே வந்துவிடும்.

நிலத்தடி நீரையும் பாருங்கள். வாவி கடலோடு சேரும் முகத்துவாரம் வெட்டப்படும்வரை மாரியில் வாவி மட்டம் ஏறிக்கொண்டே இருக்கும். அந்நேரம் வாவியோர ஒழுங்கைகளின் அடிமண் தண்ணீரில் ஊறிக் கிடக்கும். அருகிலுள்ள கிணற்றில் மாரித் தண்ணீர் எந்த வளையம் வரை வருகிறது என்று வீட்டுக்காரரைக் கேட்டால் சொல்லிவிடுவார்கள். அந்த மட்டத்துக்குக் கீழே எந்த மீள்பயன்பாட்டுப் பொருளையும் புதைக்காதீர்கள்.

திறந்து பாருங்கள்

நூறு மீற்றருக்கு ஒன்றாக, வீதியின் நடுவிலும் ஓரத்திலும் மாறிமாறிச் சிறு குழிகள் வெட்டுங்கள். அரை மீற்றர் ஆழம் போதும். குழியின் சுவரைத் தண்ணீர் தெளித்துத் துடைத்துப் பார்த்தால் வீதியின் வரலாறு அடுக்கடுக்காகத் தெரியும். மேலே கறுத்த தார்ப்படை இருக்கும். அதற்குக் கீழே தார் ஊற்றிப் பிடித்த கருங்கல், பிறகு செம்பழுப்புக் கிரவல், அடியில் வெள்ளை மணல் அல்லது கறுத்த வயல்மண். ஒவ்வோர் அடுக்கின் தடிப்பையும் அளந்து எழுதுங்கள், படம் எடுங்கள். உங்கள் கற்குவாரியின் இருப்புக் கணக்கு அதுதான்.

அடிமண்ணின் வலுவைப் பார்க்க டீ.சி.பி. என்ற எளிய கருவி உண்டு. கூம்பு முனையுள்ள கம்பியின்மேல் 8 கிலோகிராம் சுத்தியலை 575 மில்லிமீற்றர் உயரத்திலிருந்து விழவிட்டு, ஒரு சுத்தியல் அடிக்குக் கம்பி எவ்வளவு இறங்குகிறது என்று குறிப்பார்கள். ஓர் அடிக்கு 30 மில்லிமீற்றர் இறங்கினால் மண்ணின் தாங்குவலுவைக் காட்டும் சீ.பி.ஆர். பெறுமானம் ஏறத்தாழ 8. அடிக்கு 9 மில்லிமீற்றர்தான் இறங்குகிறது என்றால் ஏறத்தாழ 30. அடிமண்ணுக்கு மேலே வரும் துணை அடுக்கு ஒன்றுக்கு வழமையாகக் கேட்கப்படும் பெறுமானம் இந்த 30தான். பழைய கிரவல் அடுக்கு ஏற்கெனவே அந்த வலுவோடு இருந்தால் அதைத் தொடவேண்டாம். மேலே உள்ளதை மட்டும் கிளறினால் போதும். கருவியும் ஆய்வுகூடமும் தேவையானவர்கள் ஒலுவிலில் இருக்கும் தென்கிழக்குப் பல்கலைக்கழகப் பொறியியற் பீடத்தில் விசாரித்துப் பார்க்கலாம்.

மண் களியா மணலா என்று சந்தேகம் வந்தால் ஒரு கண்ணாடிப் போத்தலில் கால்வாசி மண்ணைப் போட்டு, தண்ணீர் நிரப்பி, நன்றாகக் குலுக்கி வையுங்கள். மணல் ஒரு நிமிடத்துக்குள் அடியில் படிந்துவிடும். தண்ணீர் மறுநாளும் கலங்கலாகவே நின்றால் களி அதிகம். சம்மாந்துறை, படுவான்கரை வயற்பக்க வீதிகளில் இந்தக் கலங்கலைத்தான் அதிகம் பார்ப்பீர்கள். அந்த மண் மாரியில் வீங்கும், கச்சான் காற்றுக் காலத்தில் வெடிக்கும். வீதியும் அதோடு சேர்ந்து வெடிக்கும்.

எந்தப் பொருள் எந்த அடுக்குக்கு

எந்த மீள்பயன்பாட்டுப் பொருளுக்கும் பொருத்தமான ஓர் அடுக்கு உண்டு. அதை விட்டு வேறு அடுக்கில் போட்டால் அது குப்பையாகத்தான் நடந்துகொள்ளும்.

பழைய தார்ச்சல்லியிலிருந்து தொடங்குவோம். நம் ஒழுங்கைகளில் பெரும்பாலும் கிடைப்பது இயந்திரத்தால் சீவியெடுத்த தூள் அல்ல. பெக்கோவால் பெயர்த்த பாளங்கள். அவற்றை வெயிலில் பரப்பி, ரோலரை இரண்டுமுறை மேலே ஓட்டினால் பெரும்பகுதி உடைந்துவிடும். மிச்சத்தைச் சுத்தியலால் உடைக்கவேண்டும். 50 மில்லிமீற்றருக்கு மேற்பட்ட கட்டி எதுவும் இருக்கக்கூடாது. பெரிய கட்டியைச் சுற்றி இடைவெளி விழும், அந்த இடைவெளியில் முதல் மழையிலேயே குழி தொடங்கும்.

பழைய தார்ச்சல்லியை மட்டும் தனியாகப் போட்டு இறுக்கினால் வலு எதிர்பார்த்த அளவு வராது. கல்லைச் சுற்றியுள்ள தார் மெல்ல வழுக்கும். நின்ற இடத்தில் நிற்கும் பாரத்துக்கு வெயில் நேரத்தில் அது அமுங்கிக்கொடுக்கும். கிரவலோடு கலந்தால் இந்தக் குறை நீங்குகிறது. கிரவலின் நுண்மண் இடைவெளியை நிரப்புகிறது, கருங்கல் பாரத்தைத் தாங்குகிறது. பழைய தார்ச்சல்லி பாதிக்கு மேற்படாமல் வைத்துக்கொள்ளுங்கள். குழிக்குள் இருந்த பழைய கிரவலே நன்றாக இருந்தால் வெளியிலிருந்து எதுவும் வாங்காமலே கலவை அமைந்துவிடும். இந்தக் கலவையைச் சித்திரை தொடக்கம் ஆவணி வரையான வெயிலில், மதியத்தை ஒட்டிய நேரத்தில் இறுக்கிப் பாருங்கள். கையில் எடுத்தால் கல் சூடாக, தார் விரலில் இலேசாக ஒட்டும் பதத்தில் இருக்கும். அந்தப் பதத்தில் ரோலர் ஓடினால் அடுக்கு இறுகும் விதமே வேறு.

வீதி ஓரங்களுக்கும் இது நல்ல பொருள். கரையோர மணற்பக்கத்தில் தார் ஓரம் உடைவதற்குக் காரணம், பக்கத்து மணல் வழிந்துபோவது. அரை மீற்றர் அகலத்துக்குப் பழைய தார்ச்சல்லிக் கலவையால் தோள் கட்டினால் மணல் பிடித்து நிற்கும்.

அடுத்தது உடைந்த கொங்கிறீட். குடிநீர்க் குழாய் பதிக்க வெட்டிய கொங்கிறீட் ஒழுங்கைகள், இடித்த வீட்டுத் தளங்கள், பழைய மதில் தூண்கள் என்று ஊருக்குள்ளேயே நிறையக் கிடைக்கிறது. கம்பியை எடுத்துவிட்டு, 37 மில்லிமீற்றருக்குக் கீழே நொறுக்கினால் துணை அடுக்குக்கு அருமையான பொருள். சிறு தாடை நொறுக்கி வாடகைக்குக் கிடைத்தால் நல்லது. நூறு மீற்றர் ஒழுங்கை என்றால் கையாலும் முடியும். இதன் பழைய சாந்து தண்ணீரை உறிஞ்சும். புதுக் கருங்கல் தன் எடையில் ஒரு வீதத்துக்கும் குறைவாகவே தண்ணீர் குடிக்கும், நொறுக்கிய கொங்கிறீட் 4 முதல் 8 வீதம் வரை குடிக்கும். ஆகவே முதல்நாள் மாலையே குவியலை நன்றாக நனைத்து வையுங்கள். இல்லாவிட்டால் இறுக்குவதற்கு ஊற்றும் தண்ணீரைக் கல்லே குடித்துவிட, அடுக்கு உலர்ந்து இறுகாமல் கிடக்கும். ஒரு நன்மையும் உண்டு. அதன் தூளில் வினைபடாமல் மிஞ்சிய சீமெந்து ஈரத்தில் மெல்லப் பிடித்து, நாள்போகப்போக அடுக்கை இறுக்கும்.

இதில் ஓர் எச்சரிக்கை. கொங்கிறீட் தூளில் பட்டு வடியும் தண்ணீர் கடும் காரத்தன்மை உடையது. நம் கரையோரக் கிணறுகள் ஆழமற்றவை, மணலுக்குள் உள்ள நன்னீரை நம்பியவை. திறந்த கிணற்றை ஒட்டிய இடத்தில் நொறுக்கிய கொங்கிறீட்டைப் போடாதீர்கள். போடும் இடத்திலும் மேலே தண்ணீர் புகாத மூடுபடை ஒன்று வேண்டும்.

செங்கல், ஓட்டுத் துண்டுகள் மெலிந்தவை, ஊறினால் இன்னும் மெலியும். கருங்கல் அரிதான பங்களாதேசத்தில் சூளைச் செங்கல்லை உடைத்தே வீதி போடுகிறார்கள் என்பது உண்மை. ஆனால் அது நன்றாக வெந்த கல். இடித்த வீட்டுக் கல்லை நம்பி மேலடுக்கில் போடமுடியாது. பள்ளம் நிரப்பவும், வெள்ள மட்டத்துக்கு மேலே தோளுக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி உமிச்சாம்பல். அம்பாறை மாவட்டத்தில் நெல் ஆலை இல்லாத பெரிய ஊர் குறைவு. நெல்லின் எடையில் ஐந்தில் ஒரு பங்கு உமி. அந்த உமியை எரித்தால் அதில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு சாம்பல். சாம்பலில் 85 முதல் 90 வீதம் வரை சிலிக்கா. இந்தச் சிலிக்காவும் சுண்ணாம்பும் ஈரத்தில் சேரும்போது சீமெந்தைப் போன்ற பிணைப்பு உண்டாகிறது. வயல்மண் வீதிகளின் அடிமண்ணை வெட்டி அகற்றாமல் அங்கேயே வலுவாக்க இதைவிட மலிவான வழி இந்தப் பக்கத்தில் எனக்குத் தெரியாது. சாம்பல் மட்டும் போட்டால் பெரிய பயன் இல்லை, சுண்ணாம்பு கட்டாயம். மண்ணின் உலர் எடையில் சுண்ணாம்பு 3 முதல் 5 வீதம், சாம்பல் 6 முதல் 10 வீதம் என்ற அளவில் சில மாதிரிகள் செய்து, ஆய்வுகூடத்தில் சோதித்துச் சரியான அளவைத் தெரிவு செய்யுங்கள். சாம்பலின் நிறத்தையும் கவனியுங்கள். கருகருவென்று இருந்தால் எரியாத கரி அதிகம், பிணைப்புக் குறையும். சாம்பல் நிறத்தில் இருப்பதே நல்லது. மிகக் கடும் சூட்டில் எரிந்து வெளுத்த சாம்பலின் சிலிக்கா பளிங்காகிவிடும். அது வினைபுரியவும் சுணங்கும், நுரையீரலுக்கும் கேடு. முகக்கவசம், கையுறை, கண்ணாடி மூன்றும் இல்லாமல் சுண்ணாம்பு மூட்டையையோ சாம்பல் மூட்டையையோ அவிழ்க்க யாரையும் விடாதீர்கள். சுண்ணாம்பு மலிவாகக் கிடைக்கிறது என்று யாராவது கடற்பவளப் பாறையில் சுட்டதைக் கொண்டுவந்தால் திருப்பி அனுப்புங்கள். பவளப்பாறை எடுப்பது சட்டவிரோதம்.

பிளாஸ்டிக்கைப் பற்றிக் கேட்காத கூட்டமே இல்லை. கேட்பதில் நியாயம் உண்டு. அம்பாறை மாவட்டத்தின் பள்ளக்காட்டுக் குப்பைமேட்டில் பொலித்தீன் தின்று யானைகள் இறப்பதை நாடே பார்த்தது. 2022 ஜனவரியில் அங்கே இறந்துகிடந்த இரண்டு யானைகளின் படங்கள் உலகச் செய்திகளில் வந்தன. மதுரை தியாகராசர் பொறியியற் கல்லூரிப் பேராசிரியர் ரா. வாசுதேவன் உருவாக்கிய முறையில், துருவிய பிளாஸ்டிக்கை 160 முதல் 170 பாகை செல்சியஸ் வரை சூடாக்கிய சல்லியின்மேல் தூவுகிறார்கள். அது உருகிக் கல்லைப் போர்த்திய பின்னர் தார் சேர்க்கிறார்கள். அந்தப் பணிக்காக அவருக்கு 2018இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. இந்தியாவின் வீதிப் பொறியியல் அமைப்பான இந்திய வீதிக் காங்கிரஸ் 2013இல் இதற்கு வழிகாட்டி வெளியிட்டது. அதன்படி, தாரின் எடையில் 6 முதல் 8 வீதமே பிளாஸ்டிக்.

ஆனால் சூட்டைக் கட்டுப்படுத்தும் கலவை ஆலை இல்லாமல் இதைச் செய்யக்கூடாது. ஒழுங்கை ஓரத்தில் பீப்பாவில் தார் காய்ச்சி, அதற்குள் பொலித்தீனைக் கொட்டிக் கிண்டுவது நஞ்சுப் புகையைப் பிள்ளைகளின் மூக்குக்கு நேரே ஊதுவதுதான். பீ.வி.சி. குழாய்த் துண்டு ஒன்று கலந்தாலும் குளோரின் சேர்ந்த புகை வரும். ஒழுங்கை வேலைக்காரர் பிளாஸ்டிக்குக்குச் செய்யக்கூடிய உதவி, அதைக் கழுவி, வகை பிரித்து, ஆலைக்குக் கொடுக்கச் சபையோடு பேசுவது. கிரவலுக்குள் பொலித்தீனைப் புதைத்துவிட்டு மீள்பயன்பாடு என்று பலகை நடுவதை நான் ஏற்கமாட்டேன்.

நிலக்கரிச் சாம்பல் பற்றியும் கேட்பார்கள். நாட்டில் அது கிடைப்பது நுரைச்சோலையில். மேற்குக் கரையிலிருந்து கிழக்குக்கு ஏற்றிவரும் டீசல் செலவிலேயே கணக்கு முடிந்துவிடும்.

வீதிக்குள் வரவே கூடாதவை

இடிபாட்டுக் குவியலை டிப்பரிலிருந்து நேரே வீதியில் கொட்டவிடாதீர்கள். வெறும் நிலத்தில் ஒரு தாப்பாயை விரித்து, மண்வெட்டியால் இழுத்து இழுத்துப் பிரித்துப் பாருங்கள். பலகை, துணி, மரவேர் அழுகி இடைவெளி விடும். ஜிப்சம் சீலிங் துண்டுகள் தண்ணீரில் கரைந்து சல்பேற்று விடும், அது சீமெந்தும் சுண்ணாம்பும் சேர்ந்த அடுக்கை வீங்கவைத்து உடைக்கும்.

எல்லாவற்றிலும் ஆபத்தானது அஸ்பெஸ்டஸ் சீற். சுனாமிக்குப் பின் கட்டிய வீடுகள் உட்பட நம் ஊர்களில் ஏராளமான கூரைகள் அதுதான். கூரை கழற்றும்போதும் வெள்ளத்தில் வீடு இடியும்போதும் அதன் துண்டுகள் கல்லோடு கலந்து வரும். சாம்பல் நிறத்தில், நெளிவோடு, உடைந்த விளிம்பில் மெல்லிய நார் நீட்டிக்கொண்டிருக்கும். அதை நொறுக்கியில் போட்டால் நார் காற்றில் பறந்து நுரையீரலில் தங்கும். நோய் தெரிவதற்குப் பல பத்தாண்டுகள் ஆகும், தெரிந்தபின் மாற்ற வழியில்லை. ஒரு லோட்டில் அந்தத் துண்டுகள் பரவலாகக் கலந்திருந்தால் அந்த லோட்டையே திருப்பி அனுப்புங்கள். இரண்டொரு முழுத் துண்டுகள்தான் என்றால் நனைத்து, உடைக்காமல் எடுத்து, தடித்த பொலித்தீனில் சுற்றி ஒட்டி, உள்ளூராட்சி சபையிடம் ஒப்படைக்கும் வழியைக் கேளுங்கள். மத்திய சுற்றாடல் அதிகார சபையின் மாவட்ட அலுவலகமும் ஆலோசனை சொல்லும். நொறுக்கி இயந்திரம் நிலையாக வைப்பதாக இருந்தால் அவர்களிடம் அனுமதிப்பத்திரமும் கேட்டாகவேண்டும்.

கடற்கரையில் கிடந்த இடிபாட்டையும் தவிருங்கள். உப்பு ஏறிய கல்லின்மேல் மெல்லிய தார்ப்படை போட்டால், ஈரம் ஆவியாகும்போது உப்பு மேலே வந்து பளிங்காகிப் படையைக் கொப்புளமாகத் தூக்கும். இதே காரணத்தால் இறுக்கும்போது வாவித் தண்ணீர் ஊற்றவும் கூடாது. பக்கத்தில் வாவி இருக்க தண்ணீர்ப் பவுசருக்குக் காசு கொடுப்பதா என்று கேட்பார்கள். கொடுக்கத்தான் வேண்டும்.

அளவுக் கணக்கு

100 மீற்றர் நீளம், 3 மீற்றர் அகலம், இறுகியபின் 150 மில்லிமீற்றர் தடிப்பு என்றால் 45 கனமீற்றர். நம் ஊர்க் கணக்கில் ஒரு கியூப் 100 கன அடி, அதாவது 2.83 கனமீற்றர். ஆக இறுகியது ஏறத்தாழ 16 கியூப். தளர்வான பொருளுக்கு 30 வீதம் கூட்டினால் 21 கியூப் வேண்டும். அந்த வீதியில் ஏற்கெனவே 100 மில்லிமீற்றர் தடிப்பில் பழைய தார்ச்சல்லியும் நல்ல கிரவலும் இருக்கிறதென்றால், இறுகிய கணக்கில் 30 கனமீற்றர். தேவையில் மூன்றில் இரண்டு பங்கு காலடியிலேயே கிடக்கிறது. வெளியிலிருந்து வரவேண்டியது தளர்வாக 7 கியூப் கிரவல். அதற்குப் புவிச்சரிதவியல் அளவை சுரங்கங்கள் பணியகத்தின் அனுமதிப்பத்திரமுள்ள இடத்திலிருந்துதான் எடுக்கவேண்டும். பத்திரத்தின் பிரதியைக் கோப்பில் வையுங்கள்.

போடும் வேலை

மாசி, பங்குனி தொடக்கம் புரட்டாதி வரை நல்ல காலம். ஐப்பசி தொடங்கியபின் திறந்த வீதியோடு மாட்டிக்கொள்ளாதீர்கள்.

பழைய படையைக் கிளறுங்கள். அடியில் களி என்றால் சுண்ணாம்பு, சாம்பல் வேலையை முதலில் முடித்து, ஒரு கிழமை ஈரம் காயாமல் வைத்திருங்கள். அடியில் மணல் என்றால் நன்றாக நனைத்து, அதிர்வு ரோலரால் இறுக்குங்கள். நனையாத மணல் இலகுவில் இறுகாது.

பிறகு கலவையைப் பரப்புங்கள். இறுகியபின் ஓர் அடுக்கு 150 மில்லிமீற்றருக்கு மேற்படக்கூடாது. ஈரப்பதம் சரியா என்று கையால் பார்க்கலாம். நுண்பொருளில் ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பிடித்துத் திறவுங்கள். உருண்டை உருவம் கலையாமல் நிற்கவேண்டும், ஆனால் விரலிடுக்கில் தண்ணீர் கசியக்கூடாது. பெருவிரலால் அழுத்தினால் இரண்டு மூன்று துண்டாக உடையவேண்டும். பொடியாக உதிர்ந்தால் தண்ணீர் போதாது. உள்ளங்கை சேறானால் அதிகம், வெயிலில் புரட்டிக் காயவிடுங்கள்.

ரோலர் ஓரத்திலிருந்து நடுவை நோக்கி வரவேண்டும். நடுவிலிருந்து தொடங்கினால் பொருள் ஓரத்துக்குத் தள்ளப்பட்டு, வீதியின் முதுகு தட்டையாகிவிடும். கிரவல் மேற்பரப்பாகவே விடுவதென்றால் சரிவு 5 வீதம், அதாவது மூன்று மீற்றர் வீதியில் நடு, ஓரத்தைவிட 75 மில்லிமீற்றர் உயரம். தார்ப்படை வருவதென்றால் 3 வீதம், ஏறத்தாழ 45 மில்லிமீற்றர். நூல் பிடித்து அளந்து பாருங்கள், கண்ணை நம்பாதீர்கள்.

இறுக்கம் ஆய்வுகூட உச்ச அடர்த்தியில் 95 வீதம் வரவேண்டும் என்பதே பொதுவான நிபந்தனை. இறுகிய அடுக்கில் சிறு குழி தோண்டி, எடுத்த பொருளை நிறுத்து, குழியை மணலால் நிரப்பி அதன் கொள்ளளவை அளக்கும் மணல் மாற்றுச் சோதனையால் அதைப் பார்ப்பார்கள். அதோடு, பாரம் ஏற்றிய டிப்பர் ஒன்றை ஆள் நடக்கும் வேகத்தில் ஓட்டி, பின்சக்கரத்தின் பக்கத்திலேயே நடந்து வாருங்கள். சக்கரத்துக்கு முன்னால் வீதி அலைபோல மெல்ல எழும்பி அடங்கினால் அந்த இடத்தின் அடியில் ஈரம் இருக்கிறது. சுண்ணாம்பால் குறி போட்டு, அந்தத் துண்டை மட்டும் வெட்டித் திறந்து, காயவைத்து மீண்டும் போடுங்கள். மேலே தார் மூடியபின் அதே இடத்தைத் திறக்க ஐந்து மடங்கு செலவாகும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மேற்பரப்புக்குக் காசு இருந்தால் தார் குழம்பும் (தாரை நீரோடு கலந்த குழம்பு) சிறு சல்லியும் போட்டு மூடுங்கள். இல்லாவிட்டால் ஒரு மாரி கிரவலாகவே ஓடவிட்டு, அமுங்கிய இடங்களைத் திருத்தி, அடுத்த கோடையில் மூடலாம். இன்டர்லொக் கல் பதிப்பதும் நல்ல தெரிவுதான். குழாய் வேலைக்குக் கழற்றி அதே கல்லையே மீளப் பதிக்கலாம் என்பதால் ஊருக்குள் உள்ள ஒழுங்கைகளுக்கு எனக்கு அது மிகவும் பிடிக்கும்.

முதல் மாரிக்குப் பிறகு

பழைய தார்ச்சல்லியில் ஒரு கியூபை எங்காவது கூரைக்குக் கீழே சேமித்து வையுங்கள். குழி மூட அது உதவும். குழியின் ஓரத்தைச் சதுரமாக, செங்குத்தாக வெட்டுங்கள். வட்டக் குழியில் போட்டது கழன்று வந்துவிடும். தண்ணீரையும் சேற்றையும் முழுவதும் எடுத்து, அடியிலும் சுவரிலும் தார் குழம்பு பூசுங்கள். பழைய தார்ச்சல்லியை எடையில் 2 முதல் 4 வீதம் தார் குழம்போடு கலந்து, 75 மில்லிமீற்றருக்கு மேற்படாத அடுக்குகளாகப் போட்டு இடிகட்டையால் இறுக்குங்கள். கடைசி அடுக்கு வீதியைவிட ஐந்து மில்லிமீற்றர் உயர்ந்து நிற்கட்டும், வண்டிச் சக்கரம் அதை அமர்த்திவிடும்.

மழை நிற்காமல் பெய்யும் ஒரு நாளில் குடையோடு வீதி நீளம் நடந்து பாருங்கள். தண்ணீர் தேங்கும் இடத்தை எல்லாம் படம் எடுத்து, எந்த வளவுக்கு நேரே என்று எழுதுங்கள். அடைபட்ட மதகை அன்றைக்கே திறவுங்கள். எந்த அடுக்கில் என்ன பொருள், எந்தக் குவியலிலிருந்து, எவ்வளவு தடிப்பு என்பதை ஒரு தாளில் வரைந்து, குழிகளின் படங்களோடு சபைக் கோப்பிலும் சங்கக் கோப்பிலும் வையுங்கள். அடுத்தமுறை அந்த ஒழுங்கையைத் தோண்டுகிறவர், கீழே இருப்பது கல்லா குப்பையா என்று தெரியாமல் டிப்பரைக் கூப்பிடத் தேவை இருக்காது.